சம்பளம் குறையவில்லை, பிறகு ஏன் போகிறார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கிளிநொச்சியில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் நீங்கள் கடன் உத்தியோகத்தராக இருக்கிறீர்கள். உங்கள் சிறிய நிறுவனத்தைக் கொழும்பிலுள்ள பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஒருவரையும் நிறுத்தவில்லை, சம்பளத்திலும் கை வைக்கவில்லை, இரண்டு பேருக்குக் கூட்டியும் கொடுத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் ஒன்பது பேரில் நான்கு பேர் போய்விட்டார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "நான் இன்னும் இருப்பது பிழையா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலுமாக 17 வருடம் மனிதவளப் பிரிவில் வேலை செய்திருக்கிறேன். நிறுவனம் கைமாறுவதை இரண்டு தடவை கிட்ட இருந்து பார்த்தேன். முதல் தடவை விற்கப்பட்ட நிறுவனத்தில் இருந்தேன், அடுத்த தடவை வாங்கிய நிறுவனத்தில். வன்னியில் இது புதிய கதை இல்லை. மத்திய வங்கி 2014இலும், பிறகு 2020ஐ ஒட்டியும், சிறிய நிதி நிறுவனங்களைப் பெரியவற்றோடு சேர்க்கும் திட்டங்களை முன்வைத்தது. ஏ9 வீதியோரத்துப் பெயர்ப்பலகைகள் சில மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். பலகை மாறும்போது உள்ளே இருக்கும் ஆட்களுக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

நான் கண்டதை ஒரே வரியில் சொல்வதானால், ஒரு நிறுவனத்தை வாங்குகிறவர் அதன் கடிதங்களையும் கணக்குகளையும் வாங்குகிறார், அங்கே வாயால் கொடுக்கப்பட்ட வாக்குகள் அவர் கைக்கு வருவதில்லை. ஒரு சிறிய கிளை பாதிக்கு மேல் அந்த வாக்குகளில்தான் ஓடிக்கொண்டிருக்கும். மனேஜர் ஊழியருக்குக் கொடுத்த வாக்கு, ஊழியர் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு. அவை ஒவ்வொன்றாகப் பொய்யாகும்போது, அவற்றைக் கொடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் நிற்க முடியாமல் போய்விடுகிறது.

நான் முதலில் இருந்த நிறுவனத்தில் கண்டாவளைப் பக்கத்துக் கமக்காரர்களுக்கு நிறையக் கடன் கொடுத்திருந்தோம். காகிதத்தில் எல்லாமே மாதத் தவணை. நடைமுறை வேறு. ஐப்பசியில் விதைத்தவனிடம் கார்த்திகையில் தவணை கேட்டால் எங்கே போவான்? அதனால் மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டட்டும், காலபோக நெல் வெட்டிய பிறகு முதலைக் கட்டட்டும், அதுவரை தாமதக் கட்டணம் போடாமல் விடுவது என்று எங்கள் மனேஜர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவான பிறகுதான் அடுத்த கடனைப் பற்றிப் பேசுவார். இது ஒன்றும் எந்தச் சேர்க்குலரிலும் இல்லை. நீலமட்டைக் கொப்பி ஒன்றில் பெயர், வயல் எந்த வாய்க்காலில், எந்த மாதம் கட்டுவார் என்று மூன்று நிரல். அவ்வளவுதான். அந்தக் கொப்பியால் கிளைக்கு நட்டம் வந்ததில்லை, எங்கள் வசூல் நன்றாகவே இருந்தது.

கம்பனி கைமாறி மூன்றாவது மாதம் புதிய சிஸ்டம் வந்தது. தவணை தவறினால் கட்டணம் தானாகவே ஏறும், கடிதம் தானாகவே கொழும்பிலிருந்து போகும். அது மார்கழி மாதம், நெல் இன்னும் பச்சையாக வயலில் நிற்கிறது. கூட வேலை செய்த கடன் உத்தியோகத்தர் ஒருவரோடு அன்று நானும் பைக்கில் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரர் சண்டை பிடிக்கவில்லை. முற்றத்தில் இரண்டு கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, கடிதத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, மாசிக்குப் பிறகு கட்டச் சொல்லி நீங்கள்தானே சொன்னீங்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னோடு வந்தவருக்கு அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்க முடியவில்லை. திரும்பி வரும்போது பரந்தன் சந்தி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று கிழமையில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஒரு கட்டடப் பொருள் கடையில் கணக்கு எழுதப் போய்விட்டார்.

அவருடைய விலகல் படிவத்தை நிரப்பியது நான்தான். காரணம் என்ற இடத்தில் "குடும்பக் காரணம்" என்று எழுதச் சொன்னார், எழுதினேன். புதிய தலைமை அலுவலகம் வருட முடிவில் எடுத்த அறிக்கையில் வன்னிக் கிளைகளில் விலகியவர்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பக் காரணம் என்றுதான் இருந்தது. போகிறவர் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போவது அபூர்வம். சேவைச் சான்றிதழ் வேண்டும், விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை வரவேண்டும், நாளைக்கு அதே ஆட்களை ஊரில் சந்திக்கவும் வேண்டும். ஆகவே உங்கள் நான்கு பேர் சொல்லிவிட்டுப் போன காரணங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் ஆராய்ச்சி உறுதியாகச் சொல்கிற ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் டேனியல் கிம் என்ற ஆய்வாளர், வாங்கப்பட்ட இளம் தொழில்நுட்ப நிறுவனங்களின் ஊழியர்களை, வாங்கிய நிறுவனமே வழமைபோல நேர்முகம் வைத்து எடுத்த ஊழியர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வாங்கலின் மூலம் வந்தவர்களில் 33 வீதமானோர் முதல் வருடத்திலேயே விலகிவிட்டார்கள், தாங்களாக விண்ணப்பித்துச் சேர்ந்தவர்களில் 12 வீதம்தான். அவர் சொல்லும் விளக்கம் எளிமையானது. இரண்டாவது கூட்டம் அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து வந்தது. முதல் கூட்டத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் எழும்பிப் பார்த்தால் வேறொருவரிடம் வேலை செய்கிறார்கள். அது அமெரிக்கத் தொழில்நுட்பத் துறையின் கணக்கு. வேலைக்கு வேலை தாவுவது அங்கே சுலபம், இங்கே அப்படியில்லை. எனவே அந்த வீதங்களை எங்கள் ஊருக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. காரணம் மட்டும் எங்களுக்கும் பொருந்துகிறது. உங்கள் கிளையில் சேர்ந்தவர்களில் அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் விண்ணப்பித்திருக்கக் கூடியவர்கள் இருந்திருப்பார்கள். அப்போது அதைத் தவிர்த்துவிட்டுச் சின்ன இடமே போதும் என்று வந்தவர்கள் அவர்கள். இப்போது அதே இடத்துக்கு அவர்களைக் கேளாமலே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

அப்புறம், நிலை இறங்குவது. புலிக்கு வாலாக இருப்பதைவிட எலிக்குத் தலையாக இருப்பது மேல் என்று எங்கள் ஆட்கள் சொல்வதைத்தான் ஹாம்பிரிக், கனெல்லா என்ற இருவர் 1993இல் ஓர் ஆய்வில் நிறுவினார்கள். வாங்கப்பட்ட நிறுவனத்து நிறைவேற்று அதிகாரிகள் புதிய இடத்தில் தங்கள் நிலை தாழ்ந்துவிட்டதாக உணர்ந்தால், குறிப்பாகத் தன்னாட்சி பறிபோனால், விலகுவது கூடுகிறது. அவர்கள் பார்த்தது மேல்மட்டத்தை. நான் கிளை மட்டத்திலும் அதையேதான் கண்டேன். முன்பு எங்கள் மனேஜர் மூன்று லட்சம் ரூபா வரை தானே அனுமதிப்பார். கைமாறிய பிறகு ஐம்பதாயிரத்துக்கும் கொழும்பு பதில் சொல்ல வேண்டும். கொழும்பில் பதில் சொல்கிறவருக்கு அவருடைய வயதில் பாதி. பதவிப் பெயரையும் புதிய தரவரிசைக்குள் கொண்டுவந்தபோது "கிளை முகாமையாளர்" என்பது இரண்டு படி கீழே இறங்கியது. சம்பளம் அதேதான். ஆனால் ஊரில் கல்யாண வீட்டில் அவரை அறிமுகப்படுத்தும்போது சொல்லும் வார்த்தை மாறிவிட்டது. இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் சின்ன ஊரில் வாழ்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

மொழியையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பழைய நிறுவனத்தில் ஒரு பிரச்சினை என்றால் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ தமிழில் ஒரு அழைப்பு எடுத்தால் முடிந்தது. புதிய இடத்தில் அறிவித்தல் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வருகிறது, திங்கட்கிழமைக் கூட்டம் திரையில் சிங்களத்தில் நடக்கிறது. எங்கள் கிளையில் அடகுப் பகுதியைத் தனியாளாக நடத்திய ஒரு பெண் இருந்தார். நகையைக் கையில் எடுத்துப் பார்த்தே தரம் சொல்லக்கூடியவர். அந்தக் கூட்டங்களில் அவர் வாய் திறந்ததே இல்லை. ஆறு மாதத்தில் அவருடைய மதிப்பீட்டு அறிக்கையில் "முன்முயற்சி குறைவு" என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நேரம், இடமாற்றம் ஆகியவற்றை அதிகம் விளக்கத் தேவையில்லை, நீங்களே அறிவீர்கள். மாலை கணக்கு முடிக்கும் நேரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போனால் விசுவமடுவிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ பஸ்ஸில் வந்துபோகும் பெண்களுக்கு அந்த வேலை முடிந்தது என்று அர்த்தம். நாடு முழுவதும் இடமாற்றம் செய்யலாம் என்ற ஒரு வரி புதிய கடிதத்தில் இருந்தால், அதை ஒருபோதும் பயன்படுத்தாவிட்டாலும், வயலும் வயதான தாய் தகப்பனும் உள்ளவர் அன்றிரவே வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார்.

இனி எழுதுவது என் அபிப்பிராயம், நிரூபிக்கக் கூடியது அல்ல. வன்னியில் முப்பத்தைந்தைத் தாண்டிய எல்லோரும் போர்க்காலத்தில் ஒரு தடவையாவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தவர்கள். கடைசிவரை பார்ப்போம் என்று இருந்தவர்கள் எதை இழந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்கள். மேலிடத்திலிருந்து "எதுவும் மாறாது, பயப்பட வேண்டாம்" என்று ஒரு கடிதம் வந்தால், கொழும்பில் அதைப் படிக்கும் ஒருவருக்கு அது ஆறுதலாக இருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு அதுவே புறப்படுவதற்கான முதல் அறிகுறி. அவசரப்பட்டுப் போனார்கள் என்று மேலதிகாரிகள் குறைசொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் அவசரப்படவில்லை, முந்திக்கொண்டார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

அதேநேரம் எல்லாப் பழியையும் கைமாற்றத்தின் தலையில் போடுவதும் சரியல்ல. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போவது நாடு முழுவதும் கூடிவிட்டது. அரச நியமனம் கிடைத்தால் தனியார் நிறுவனத்தில் இரட்டிப்புச் சம்பளம் வாங்குபவரும் விட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் எப்போதும் உள்ளது, ஓய்வூதியம் என்ற சொல்லுக்கு அவ்வளவு பலம். கடன் வசூல் வேலையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதும் வழமை. உங்கள் நான்கு பேரில் ஒருவர் கனடாவுக்கும் ஒருவர் பிரதேச செயலகத்துக்கும் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இருவரும் பலகை மாறாவிட்டாலும் போயிருப்பார்கள். மற்ற இருவரும் பக்கத்து நிறுவனங்களுக்கு ஏறக்குறைய அதே சம்பளத்துக்குப் போயிருக்கிறார்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னது அவர்களைப் பற்றி.

வாங்கிய நிறுவனத்தில் இருந்த காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கெட்ட எண்ணம் எதையும் நான் காணவில்லை. வாங்குவதற்கு முன் எங்கள் கைக்கு ஓர் அட்டவணை வந்தது. ஊழியர் இலக்கம், வயது, சேர்ந்த திகதி, அடிப்படைச் சம்பளம், கொடுக்க வேண்டிய பணிக்கொடை. நீலக் கொப்பிக்கு அதில் ஒரு நிரலும் இல்லை. நான் அதைச் சொன்னபோது "எப்படிக் கணக்கிடுவது?" என்று உண்மையாகவே கேட்டார்கள். ஷ்வைகர், டெனிசி என்ற இருவர் 1991இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. இணைப்பு அறிவிக்கப்பட்ட ஒரே நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளை எடுத்தார்கள். ஒன்றில் தலைமையதிகாரியின் கடிதம் மட்டும். மற்றதில் அதற்கு மேலாகச் செய்திமடல், கேள்வி கேட்கத் தொலைபேசி, மேற்பார்வையாளரோடு ஒழுங்கான கூட்டங்கள் என்று, கெட்ட செய்தியையும் சேர்த்துச் சொன்னார்கள். முதலாவதில் ஊழியர்களின் நிச்சயமின்மையும் மனவழுத்தமும் கூடிக்கொண்டே போனது. இரண்டாவதில் அது நின்று, நிறுவனத்தின் மீது நம்பிக்கையும் மெல்லத் திரும்பியது. இதைக் காட்டித்தான் ஒவ்வொரு கிளைக்கும் தமிழ் பேசும் ஒருவரை இரண்டு நாள் அனுப்பி, என்னென்ன வாக்குகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதி வாங்கச் சம்மதிக்க வைத்தேன். ஐந்து கிளைகளில் மூன்றுக்குத்தான் போக முடிந்தது. போன மூன்றிலும் ஆட்கள் நின்றார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் ஒன்றில் பாதிப்பேர் போய்விட்டார்கள். மற்ற இரண்டிலும் நின்றார்கள்.

சரி, இப்போது உங்கள் விஷயம். நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் வேலையால் தெரிந்துகொண்ட சிலவற்றைத் தயங்காமல் சொல்லலாம். முதலில், உங்கள் நிறுவனத்தின் பங்குகளை மட்டும் வாங்கினார்களா, இரண்டையும் ஒன்றாக இணைத்தார்களா, அல்லது கிளைகளையும் கடன்களையும் மட்டும் வாங்கினார்களா என்று கேட்டு அறியுங்கள். பங்குகள் மட்டும் கைமாறியிருந்தால் உங்கள் வேலைகொள்வோர் அதே கம்பனிதான், புதிய நியமனக் கடிதத்துக்குத் தேவையே இல்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் இணைத்திருந்தால் பழைய கம்பனியின் கடப்பாடுகள் இணைந்த கம்பனிக்குப் போகின்றன. மூன்றாவது வகையில்தான் நீங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே உங்கள் வேலைகொள்வோரே மாறுகிறார். எந்த வகையானாலும், புதிய கடிதம் தந்தால் "முதலில் சேர்ந்த திகதி முதலான சேவை தொடர்ந்து கணக்கிடப்படும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து. ஆங்கிலமோ சிங்களமோ புரியாவிட்டால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்ட இரண்டு நாள் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

அந்த வரி ஏன் முக்கியம் என்றால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடத் தொடர்ச்சியான சேவை முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாகப் பெற்ற மாதச் சம்பளத்தில் பாதி கிடைக்க வேண்டும். நீங்களாக விலகினாலும் அது உண்டு. விலகி 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். 60,000 ரூபா சம்பளத்தில் ஐந்து வருடம் என்றால் 150,000 ரூபா. நான்கு வருடம் பதினொரு மாதத்தில் விலகினால் இந்தச் சட்டத்தின்படி ஒன்றும் கேட்க முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் அவர்களின் 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதமும் முன்போலவே போகின்றனவா என்று சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, உங்களை விலகல் கடிதம் எழுதித் தரும்படி யாராவது நயமாகக் கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள். அதேபோல 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அனுமதி வாங்கினால் நட்டஈடும் கொடுக்க வேண்டும். நீங்களாக எழுதிக் கொடுத்தால் இது ஒன்றும் அவர்களுக்குத் தேவைப்படாது. சந்தேகம் வந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள், ஆலோசனைக்குக் காசு இல்லை.

நீங்கள் இருப்பது பிழையா என்றால், இல்லை. போனவர்கள் கெட்டிக்காரர்கள், நின்றவர்கள் வழியில்லாதவர்கள் என்று ஒரு பேச்சு ஒவ்வொரு கைமாற்றத்திலும் எழும். நான் மதித்த ஆட்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். உங்களுக்கு நான் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான். நீங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்குகளை இன்னும் காப்பாற்ற முடிகிறதா? முடிகிறது என்றால், உங்கள் புதிய மனேஜர் அதற்கு இடம் விடுகிறார் என்றால், அங்கே இருக்கலாம், வளரவும் செய்யலாம். அவருக்கு அந்தக் கணக்கு தெரியாவிட்டால் ஒரு தடவை அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வயல்பக்கம் போய்வாருங்கள். நான் பார்த்த கொழும்பு மனேஜர் ஒருவர் அப்படி ஒரு பயணத்துக்குப் பிறகு நெற்கடன்களுக்குத் தவணையை அறுவடை மாதத்துக்கு மாற்றித் தரும்படி தலைமை அலுவலகத்துக்குத் தானே எழுதினார், கிடைத்தது. முடியவில்லை, ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் தலை குனிய வேண்டியிருக்கிறது என்றால், வேறு இடம் பாருங்கள். ஆனால் வருகிற மார்ச்சில்தான் உங்களுக்கு ஐந்து வருடம் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நியமனக் கடிதத்தை எடுத்துச் சரியான திகதியைப் பாருங்கள். அந்தத் திகதி கழியும்வரை விலகல் கடிதத்தை எழுத வேண்டாம்.